கூமாவின் தொட்டியில் கரையாத எழுத்து

“இது உன் வேலைதான். வேற யார் தலையிலயும் கட்டப் பாக்காத. ஊருல எழுதத் தெரிஞ்சவங்களுக்கா பஞ்சம்? மடத்துல துறவி இருக்காரு, பள்ளிக்கூடத்துல வாத்தியாரு இருக்காரு, சாராயக் கடைக்காரன்கூட பலகையில தன் பேர வளைச்சு வளைச்சு எழுதி மாட்டியிருக்கான். அத்தன பேரையும் விட்டுட்டு எங்கக்காவத் தேடிப் புடிச்சே. மூணு வருஷம் எழுத வச்சே. போலீஸ் வந்து வாசல்ல நின்னப்ப சத்தமே காட்டாம நழுவிட்டே. இப்ப அவ கூண்டுல கெடக்கா, நீ என் தொட்டியில சொகமா ஊறிக்கிட்டு இருக்கே. வெக்கமா இல்ல உனக்கு?”

விடிந்ததும் விடியாததுமாகக் கூமா தன் காகிதத் தொட்டியைப் பார்த்து இப்படித்தான் கத்தினாள். அக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் முதல் இரண்டு நாள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து, அடுப்பில் அரிசி போட நேரமாகிவிட்டது என்பதற்கு அதையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்.

கரஸுதானி ஜப்பான் மலைகளின் மடிப்புக்குள் ஒரு ஆற்றையும் ஒரு மரப்பாலத்தையும் நம்பி இருந்த சின்ன ஊர். ஆண்கள் குடுமியை அறுத்துவிட்டு, வாள் வைத்திருந்தவர்கள் வாளைப் பரணில் போட்டுவிட்டு, போலீஸ் ஸ்டேஷன் என்ற ஒன்று ஊருக்குள் வந்து இருபது வருஷம் ஆகியிருந்த காலம் அது. ரயில் இன்னும் மலைக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அந்த ஊரில் எழுதப்பட்ட எதுவும் கடைசியில் கூமாவிடம்தான் வந்து சேரும். கதவுச் சட்டத்தில் கண்ணாடிக்குப் பதில் ஒட்டிக் கிழிந்த தாள், பழைய கடிதம், பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகிய தாள், கல்யாணத்துக்கு முன்னால் யாரோ யாருக்கோ எழுதி இப்போது வீட்டில் இருக்கவே கூடாததாகிவிட்ட தாள், எல்லாவற்றையும் நிறுத்து வாங்கி, ஆற்றில் அலசி, மரச் சம்மட்டியால் இடித்து, தொட்டியில் கூழாக்கி, கிழங்குப் பசை கலந்து, மூங்கில் சல்லடையால் ஏந்தி எடுத்துப் பலகையில் காயப்போடுவாள். மை முழுக்கப் போகாது என்பதால் புதுத் தாள் எப்போதும் மழைமேக நிறத்தில் இருக்கும். மீன் சுற்ற, மூக்குச் சிந்த, கதவுக்கு உள்ஒட்டுப் போட, கழிப்பறைக்கு, எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான்.

இந்தத் தொழிலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தொட்டி வைத்திருப்பவளுக்கு எழுத்து தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தால் எந்த வீட்டுக்காரன் தன் ரகசியத்தை அவளிடம் எடைக்குப் போடுவான்? ஒன்பது வயதில் பிள்ளை தூக்கும் வேலைக்கு விற்கப்பட்டு, அங்கிருந்து ஓடி, கந்தல் பொறுக்கி, அடி வாங்கி, அடி கொடுத்து, இருபத்தாறாம் வயதில் கூமா இந்தத் தொட்டியை விலை பேச வந்தபோது, பழைய முதலாளி விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, ஒரு தாளில் இருந்த எழுத்தைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்டார். “மீசை,” என்றாள் கூமா. பக்கத்தில் இருந்ததைக் காட்டினார். “அது நனைஞ்ச காக்கா.” தொட்டி அன்றே அவளுடையதாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாததை வைத்துப் பிழைத்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

அவளுடைய அக்கா இனே மாவுருண்டை அவித்து விற்றவள். ஐம்பத்தாறாவது வயதில் ஒரு தை மாதக் காலையில், அடுப்புக்கரியைத் தண்ணீரில் குழைத்து, கூமாவிடம் வாங்கி வைத்திருந்த சாம்பல் நிறத் தாளை விரித்து, ஈர்க்குச்சியால் எழுத ஆரம்பித்தாள். அவளுக்கும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. படித்தவர்கள் எழுதும் சீன எழுத்து அதில் ஒன்றுகூட இல்லை. பெண்களும் சின்னப் பிள்ளைகளும் எழுதும் எளிய எழுத்து மட்டும், வரி வரியாக, மேலிருந்து கீழாக இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரி படித்துக் காட்டினாள்: ‘உலகத்தை ஒருமுறை அலசிக் காயப்போடப் போகிறேன்.’ யார் சொன்னது என்று இனேயிடம் கேட்டார்கள். “பேரு சொல்லலையே,” என்றாள் அவள், உருண்டைக்கு மாவு பிசைந்துகொண்டே. “கேட்டேன். மேற்கொண்டு எழுதுன்னு மட்டும்தான் சொல்றாரு.”

மூன்று வருஷத்தில் இருநூற்றுப் பத்துத் தாள் ஆயிற்று. முப்பது குடும்பங்கள் அமாவாசைதோறும் இனே வீட்டில் கூடி அதைச் சேர்ந்து சொன்னார்கள். கரியெழுத்து என்று பேர் வைத்தார்கள். உருண்டை வாங்க வந்தவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள், கேட்க வந்தவர்கள் உருண்டை வாங்கினார்கள், யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு இன்ஸ்பெக்டர் ஸெகிகுச்சிக்குத்தான். அவர் கெட்டவர் இல்லை, படிவம் பார்த்தே பழகிய மனிதர். மாகாணத் தலைமையிடம் கொடுத்த படிவத்தில் தெய்வத்தின் பெயர், தலைமையிடம், பதிவு எண் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. இனேயின் தெய்வத்துக்கு மூன்றுமே இல்லை. பதிவு செய்யாத தெய்வம் பேச முடியாது. அது பேசுகிறது என்று ஒருத்தி சொன்னால் அவளுக்குப் பைத்தியம். ஆகவே தச்சர் கின்ஸோவைக் கூப்பிட்டு, இனே வீட்டுப் பின்னறையிலேயே மரச்சட்டம் அடித்துக் கூண்டு ஒன்று கட்டச் சொல்லி, இனேயை உள்ளே விட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தக் காலத்தில் பைத்தியம் என்று எழுதப்பட்டவர்களை அப்படித்தான் அவரவர் வீட்டிலேயே வைத்தார்கள்.

கூமா ஸ்டேஷனுக்குப் போய் மேஜை அதிரப் பேசினாள். “ஐயா, தாளுதானே உங்களுக்கு இடைஞ்சல்? என் தொழிலே தாளக் கரைக்கறதுதான். எல்லாத்தையும் கரைச்சிடறேன். அக்காவ விட்டுடுங்க.”

“கரைச்சா மட்டும் போதாதும்மா. எழுத்து நிக்கணும். முதல் பனி விழறதுக்குள்ள நின்னுபோச்சுன்னா நானே வந்து திறக்கறேன். நிக்கலேன்னா அவங்கள மாகாணத்துப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அங்க போனவங்க...” ஸெகிகுச்சி படிவத்தைத் தட்டிக் காட்டினார். “இந்தப் படிவத்துல திரும்பி வந்த தேதிக்குன்னு இடமே கெடையாது.”

மலையில் கஷ்கொட்டைக் காய் உதிரும் இலையுதிர்காலம் அது. பனிக்கு இரண்டு மாதம் இருந்தது. கூமா நேராக அக்கா வீட்டுக்குப் போய், அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இருநூற்றுப் பத்துத் தாளையும் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து, அலசி, இடித்து, கூழாக்கினாள். சாயங்காலம் கூண்டுச் சட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து சோற்றுக் கிண்ணத்தை உள்ளே தள்ளினாள்.

“கரைச்சிட்டியா?” என்றாள் இனே.

“கரைச்சிட்டேன்.”

“நல்லா இடிச்சியா? கட்டி தட்டாம?”

“என் தொழில எனக்கே சொல்லித் தராத அக்கா. திட்டறதா இருந்தா திட்டிடு.”

“எதுக்குத் திட்டறேன்? அவரு என்ன, தாளுக்குள்ள குடியிருக்கற கரையானா?” என்று சொல்லிவிட்டு இனே ஊறுகாய் கேட்டாள்.

அடுத்த நாள் பலகையில் காய்ந்த தாள்களில் எழுத்து இருந்தது. மை சரியாக அலசவில்லை என்று நினைத்துக் கூமா மறுபடி கரைத்தாள். மறுநாளும் இருந்தது. சாம்பல் காரம் போட்டுக் கொதிக்க வைத்தாள். எழுத்து இன்னும் தெளிவாக வந்தது. அடுப்புக்கரியைக் கொட்டித் தொட்டியையே கறுப்பாக்கினாள். கறுப்புத் தாளில் வெள்ளையாக வந்தது. ஆத்திரத்தில் தொட்டியை ஒரு உதை விட்டுக் கால் கட்டைவிரலில் நகம் பெயர்ந்தது. பிறகு அவள், பேரம் பேசிப் பேசியே பிழைத்தவர்கள் எல்லாம் ஒருமுறையாவது செய்யும் தவறைச் செய்தாள்: சரக்கு தேங்கக் கூடாது என்று அதை அப்படியே விற்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் மீன் சுற்றிய தாளை எவரும் படிக்க மாட்டார்கள் என்று மனசார நம்பினாள்.

மீன்காரி ஓரின்தான் முதலில் படித்தாள். பாலத்துக்கு வடக்கே உப்புக் கானாங்கெளுத்தி விற்பவள், ஆறு பிள்ளை பெற்றவள், தொண்டை பெரியது. மீனைச் சுற்றப் போனவள் நின்று, எழுத்துக் கூட்டி, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தாள்: “‘கிழக்கே கதவு வைக்காத வீட்டுக்கு நான் புறக்கடை வழியே வருவேன்.’ அடியே கூமா, உன் தாளு பேசுதுடி!” மீன் வாங்க வந்தவர்களில் ஒருத்தி, “எங்க வீட்டுக்கும் கிழக்க கதவு கெடையாது,” என்றாள். இன்னொருத்தி, “அப்ப புறக்கடையப் பெருக்கி வை,” என்றாள். அவ்வளவுதான். யாரும் விழுந்து கும்பிடவில்லை, யாரும் அலறவில்லை. ஒருத்தி மட்டும், தனக்கு வந்த தாளில் வரி பாதியில் நிற்கிறது, மீதி யார் மீனில் போயிற்று என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் ஊரைப் பிடித்துக்கொண்டது. மீதி வரியைத் தேடி ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். மூக்குச் சிந்த எடுத்த தாளைச் சிந்தாமல் மடித்து வைத்தார்கள். கதவில் உள்பக்கமாக ஒட்டியதை நீராவி காட்டி உரித்தார்கள். வெயில் நேரத்தில் கதவுத் தாளின் வழியே எழுத்து நிழலாக விழுந்ததால், சில வீடுகளில் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர்கள் சோற்றின் மேல் ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் கிண்ணத்தை எடுத்தார்கள். எழுத்தே தெரியாத பெண்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பலகையை வாங்கி, நாற்பத்தெட்டு எழுத்தையும் பதினைந்து நாளில் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியாருக்குத்தான் வருத்தம், அவர் பிரம்பெடுத்து நாலு வருஷம் சொல்லிக்கொடுத்தும் ஏறாதது மீன் வாடையோடு ஏறிவிட்டதே என்று.

பெரிய சிக்கல் கழிப்பறையில் வந்தது. வேறு தாள் ஊரில் இல்லை. எழுத்து இருக்கிற தாளை எப்படி அந்தக் காரியத்துக்கு எடுப்பது? பாதி ஊர் இலைக்கு மாறிற்று. இலை மழை நாட்களில் ஏற்படுத்திய சங்கடங்களை இங்கே எழுத வேண்டாம். மடத்து மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். துறவி கையுன், தன்னிடம் வந்து கேட்காமல் தொட்டியில் போய்ப் பேசிய தெய்வத்தின் மேல் உள்ளூர மனத்தாங்கல் உள்ளவர், மூன்று மணி நேரம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்: “முழுக்கப் படிச்சு முடிச்ச பிறகு உபயோகப்படுத்தலாம்.” அதிலிருந்து கரஸுதானியில் கழிப்பறைக்குப் போனவர்கள் வெளியே வர வெகு நேரம் ஆயிற்று. வெளியே நிற்பவர்கள் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து, “இரு, இன்னும் ரெண்டு வரி,” என்று குரல் வரும்.

அதற்குப் பிறகு சண்டை வந்தது. தாள்களுக்கு எண் கிடையாது. எது முதல், எது கடைசி? ஓரினும் பாலத்துக்கு வடக்கே இருந்தவர்களும், கிழக்குக் கதவைப் பற்றிய தாள்தான் முதல் தாள் என்றார்கள். தச்சர் கின்ஸோவும் தெற்கே இருந்தவர்களும், ‘மூங்கில் குனிவது பனியால், பனி யாரால் என்று கேள்’ என்று வரும் தாள்தான் முதல் என்றார்கள். கதவுக் கட்சி, பனிக் கட்சி என்று பேராயிற்று. கதவுக் கட்சிக்காரன் வீட்டுப் பெண்ணைப் பனிக் கட்சிக்காரன் கேட்டு வந்தால், முதலில் வரிசையைச் சொல்லு, பிறகு சம்பந்தம் பேசலாம் என்றார்கள்.

இந்த அமர்க்களத்தில், இனே வீட்டில் அமாவாசைதோறும் சொல்லி மனப்பாடம் செய்திருந்த ஒருத்தி மெதுவாக ஒன்று சொன்னாள். இப்போது வருகிற வரிகளில் பாதி இனே எழுதியவை அல்ல. புதுசு. எழுத்து தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது.

பேச்சு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஸெகிகுச்சி வந்து கூண்டைச் சோதித்தார். கரி இல்லை, குச்சி இல்லை, தாள் இல்லை. ஆனால் எழுத்து வருகிறது. எழுத்து வந்தால் எழுதுகிறவள் இருக்க வேண்டும். எழுதுகிறவள் என்று படிவத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பது இனே. ஆகவே அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் பருத்திப் பட்டையால் இறுக்கிக் கட்டச் சொன்னார். சாப்பாட்டை ஊட்டத்தான் வேண்டும்.

அன்று கூமா ஊட்டினாள். சட்டத்தின் இடைவெளியில் கரண்டி நுழைய மாட்டேன் என்றது.

“வலிக்குதா?”

“மொதல்ல வலிச்சுது. இப்ப அது என் கை மாதிரியே இல்ல.” இனே சோற்றை மென்றபடி சிரித்தாள். “ஒண்ணு சொல்லவா? மூணு வருஷம் கழிச்சு நல்லாத் தூங்கறேன். அவரு என்ன விட்டுட்டுப் போயிட்டாருடி. உன் தொட்டிக்குக் குடி மாறிட்டாரு. நீ என்னக் காப்பாத்தப் போயி அவருக்குப் பெரிய வீடாப் பாத்துக் குடுத்துட்டே.”

“அதச் சொல்லிச் சிரிக்கறியா நீ!”

“வேற என்ன பண்ணச் சொல்றே? கையத் தட்டவா முடியும்?”

கூமா அன்று தொட்டியோடு பேரம் பேசினாள். ஆறு மாதம் சும்மா இரு, அக்கா வெளியே வந்ததும் எத்தனை தாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். சரி, மூன்று மாதம். சரி, பனி விழுகிற வரைக்கும். அதற்கு மேல் தன்னால் இறங்க முடியாது என்றாள். மறுநாள் காய்ந்த முதல் தாளை ஓரினிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னாள். ஓரின் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “‘பேரம் பேசுகிறவளை எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் எதையும் விற்க வரவில்லை.’”

“கொழுப்பு,” என்றாள் கூமா.

மலை உச்சியில் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. கூமா ஸ்டேஷனுக்குப் போய், தாளில் எழுதுவது தான்தான் என்று சொன்னாள். ஸெகிகுச்சி தூரிகையில் மை தோய்த்து அவள் கையில் கொடுத்தார். “எழுதுங்க.” கூமா தூரிகையை விளக்குமாற்றைப் பிடிப்பது போலப் பிடித்தாள். காத்திருந்தாள். ஊரையே கிறுக்கிக்கொண்டிருந்தவர் இந்த ஒரு நிமிஷத்துக்கு அவள் விரலில் வந்து உட்கார்ந்தால் என்ன? வரவில்லை. மை சொட்டி ஒரு பொட்டு விழுந்தது.

“ஏம்மா, உங்களுக்கு எழுத்தே தெரியாதுங்கறது ஊருக்கே தெரியும்.” அவர் குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. “எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. எழுதினது இன்னார், இருக்கறது இந்த இடத்துலன்னு ஒருத்தர் வந்து தன் கையால எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டா உங்கக்கா பேர அடிச்சிட்டு அந்தப் பேரப் போட்டுடுவேன். கூண்டத் தெறந்துடுவேன்.”

“ஒரு பேருதானே?”

“ஒரு பேரு போதும்.”

“அதுக்கு மேல வந்தா?”

ஸெகிகுச்சி முதல் தடவையாகச் சிரித்தார். “வரட்டுமே. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஒரு அறிக்கை எழுதிடறேன்.”

வியாபாரத்தில் எதிராளி சிரித்துக்கொண்டே சொல்லுகிற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கூமாவுக்குத் தெரியும். அவள் நேராக வடக்கே போனாள்.

“ஓரின், விஷயம் தெரியுமா? கரியெழுத்த எழுதினது நாங்கதான்னு கின்ஸோ நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறானாம். சர்க்கார் முத்திரையோட. அப்பறம் மொதல் தாளு எதுன்னு சொல்ற உரிம தெக்குப் பக்கத்துக்குத்தான்.”

“அந்த மரங்கொத்தியா?” ஓரின் கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள். “எழுதினா என்ன பண்ணுவாங்க?”

சரக்கின் ஓட்டையை மறைத்து விற்கிற பழக்கம் கூமாவுக்கு இல்லை. விலையை வேண்டுமானால் ஏற்றுவாள். “கூண்டுல போடுவாங்க. எங்கக்காவப் போட்ட மாதிரி.”

“எல்லாரையுமா?”

“எழுதற எல்லாரையும்.”

ஓரின் தெருவைப் பார்த்தாள். தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாள் போலிருக்கிறது. “எத்தன கூண்டுடி வேணும்?”

பிறகு கூமா தெற்கே போய், ஓரின் கையெழுத்துப் போடப் போவதாகக் கின்ஸோவிடம் சொன்னாள். கூண்டைப் பற்றியும் சொன்னாள். கின்ஸோ இழைப்புளியைக் கீழே வைத்தார். “கூண்டு கட்டணும்னா ஊருல யாரு கட்டணும்?”

“நீங்கதான்.”

“என்னையும் உள்ள போட்டா?”

“அதத்தான் நானும் யோசிச்சேன்.”

கின்ஸோ பலகையில் இருந்த மரத்தூளை ஊதினார். “உங்கக்கா கூண்டுல ஒரு சட்டம் தளர்வா வச்சிருக்கேன்,” என்றார் திடீரென்று. “தள்ளினா வரும். அவங்க தள்ளவே இல்ல.” கடைசியாகக் கூமா மடத்துக்கும் போய் ஒரு வார்த்தை போட்டுவிட்டு வந்தாள். அந்தத் தெய்வம் மடத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று இரண்டு கட்சிக்காரர்களும் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்று. துறவி கையுன் உடனே மை அரைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் வடக்கு வரிசை ஒன்று, தெற்கு வரிசை ஒன்று, நடுவில் மடத்துக்காரர்கள். ‘எழுதியது ஓரின், பாலத்துக்கு வடக்கே, மீன்கடை.’ ‘எழுதியது கின்ஸோ, பாலத்துக்குத் தெற்கே, தச்சுப் பட்டறை.’ பதினைந்து நாளில் எழுத்துப் படித்த பெண்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கள் பெயரை எழுதினார்கள். எழுதியதும் உடனே நகராமல், அது தங்கள் பெயர்தானா என்று சாய்ந்து பார்த்தார்கள். பின்னால் நின்றவர்கள் ஏசினார்கள். வடக்கில் எண்பத்தொன்று என்று தெரிந்ததும் தெற்குக்காரர்கள் வயலில் இருந்தவர்களையெல்லாம் ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள். கூமா மட்டும்தான் அந்தக் கூட்டத்தில் எழுதத் தெரியாதவள்.

நாற்பத்தோராவது அறிக்கையில் ஸ்டேஷன் தாள் தீர்ந்தது. மாகாணத்திலிருந்து அடுத்த கட்டு வர இருபது நாள் ஆகும். ஸெகிகுச்சி தாள் கேட்டுக் கூமாவிடம் ஆளனுப்பினார். கூமா ஒரு கட்டுத் தாளைத் தோளில் தூக்கி வந்து மேஜை மேல் இறக்கினாள். சாம்பல் நிறம், மேலிருந்து கீழ்வரை எழுத்து. அவர் அன்றுதான் முதல்முதலாக அதைப் படித்தார். படித்த வரி: ‘மேலே இருக்கிறவன் கீழே பார்க்கிறான். நான் கீழேயிருந்து பார்க்கிறேன். கழுத்து வலிக்கிறது.’ தன்னை அறியாமல் அடுத்த தாளைப் புரட்டினார். பிறகு அடுத்தது. வாசலில் இருந்தவர்கள் இருமினார்கள்.

“மிச்ச அறிக்கைய இதுலயே எழுதிடுங்க ஐயா,” என்றாள் கூமா. “உங்க முத்திரை போட்டு மாகாணத்துக்கு அனுப்பிடுங்க. அவங்களும் படிக்கட்டும்.”

ஸெகிகுச்சிக்கு அப்போதுதான் விளங்கிற்று. பதிவு செய்யாத தெய்வத்தின் வாக்கு, போலீஸ் முத்திரையோடு, அவர் பெயரோடு, மாகாணத் தலைவர் மேஜைக்குப் போகும். அறிக்கை அனுப்பாவிட்டால், நூற்றெழுபது குற்றவாளிகளைப் பதிவு செய்யாமல் விட்டவர் ஆவார். அவர் கூமாவை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்ற எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்.

“என்ன வேணும் உங்களுக்கு?”

“சாவி.”

“சாவியக் குடுத்துட்டு நான் என்ன எழுதறது? எழுத்து நின்னுதுன்னு எழுதணும். நிக்கணுமே.”

“பதினஞ்சு நாள் தொட்டிய மூடி வைக்கறேன்.”

“விளையாடறீங்களா? தொட்டி போகணும். உடைக்கணும்.”

“ஒரு வருஷம் மூடறேன்.”

“உடைக்கணும்.”

அவளுக்கு அதற்குக் கீழே இறங்கப் படி இல்லை என்று அவருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. இருபத்து நான்கு வருஷம். அந்தத் தொட்டியில் கை வைத்தால் பருவத்தைச் சொல்லுவாள். அவளுக்கென்று உலகத்தில் இருந்த ஒரே இடம் அது. “பேரு எழுதினவங்க யாரையும் தொடக் கூடாது,” என்றாள்.

“தொட மாட்டேன்.”

“கைக்கட்டையும் நீங்களே வந்து அவுக்கணும்.”

“சரி.”

“உடைக்கறேன். நாளைக்கு. இன்னிக்கு ஊறவச்சத எடுத்து முடிச்சிட்டு.”

அன்று பிற்பகல் ஸெகிகுச்சி கூண்டைத் திறந்து, பட்டையை அவிழ்த்து, இனே முன்னால் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனார். ஓரின் மீன் கொண்டுவந்தாள். கின்ஸோ கூண்டைப் பிரிக்க வந்தார். கதவுக் கட்சியும் பனிக் கட்சியும் முற்றத்தில் சேர்ந்து உட்கார்ந்து, சேர்ந்தே சண்டை போட்டார்கள். இனே எல்லாருக்கும் உருண்டை பிடிக்கிறேன் என்று மாவுப் பாத்திரத்தை இழுத்தாள். வலது கை மாவுக்குள் போயிற்று. மடங்கவில்லை. பத்தொன்பது நாள் கட்டிக் கிடந்த விரல்கள் மாவின் மேல் மரக்கரண்டி மாதிரி அப்படியே கிடந்தன. இனே அதைப் பார்த்தாள், இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “கூமா, நீ பிடிச்சுக் குடு,” என்றாள் சாதாரணமாக.

கூமா பிடித்துக் கொடுக்கவில்லை. எழுந்து ஆற்றங்கரைக்கு நடந்தாள். முதல் பனி தூறலாக விழ ஆரம்பித்திருந்தது. தொட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தாளுக்கான கூழ். சல்லடையை இறக்கி, ஏந்தி, ஆட்டி, வடித்து, பலகையில் போட்டாள். ஈரத்திலேயே எழுத்து தெரிகிற வழக்கம்; அவள் காத்திருந்தாள். தாள் காலியாக இருந்தது. சாம்பல் நிறத்தில், ஒரு புள்ளிகூட இல்லாமல், அவள் இரண்டு மாதமாகக் கேட்டுக் கெஞ்சிய அந்த வெறுந்தாள்.

அக்கரையில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நேரம் தவறிக் கேட்ட சத்தத்தில் இந்தத் தடவை திரும்பிப் பார்த்தார்கள்.

“இப்ப வாய மூடிக்கிட்டியா? காரியம் முடிஞ்சதும் கெளம்பிட்டியா? எங்க போறே? மீன்காரி பேரு போட்டா. கூண்டு கட்டினவன் பேரு போட்டான். பொறாமையில வெந்துகிட்டு இருந்த சாமியாருகூட பேரு போட்டாரு. பேரு போடாதவங்க ஊருல ரெண்டே பேருதான். நானு, எனக்கு எழுதத் தெரியாது. உனக்கு என்ன கேடு? தாளு இருக்கு. பலகை இருக்கு. நாளைக்கு விடிஞ்சதும் தொட்டிய உடைக்கறேன், அதுவரைக்கும் நேரம் இருக்கு. பேர எழுது. எங்க இருக்கேன்னு எழுது. எழுதிட்டு, கெழக்கயோ புறக்கடையோ எந்த வழியா வேணா வா, அவ வீட்டுக்குள்ளதான் உக்காந்திருக்கா. வந்து எங்கக்கா கையப் புடி. எழுதறதுக்கு இல்ல. சரி பண்றதுக்கு.”